சிறு செயற்கைக்கோளின் லித்தியம்-அயன் பேட்டரி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

பேட்டரி சோதனையில் எது பிசகினாலும் பழி முதலில் செல் மேல்தான் விழும். உடனே செல்லை மாற்றுவார்கள்; புதுச் செல்லும் அதே சேட்டையைச் செய்யும்; அதற்குள் வாரங்கள் போயிருக்கும். வெப்பநிலை, வயர், வெல்டு, அளக்கும் முறை ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே செல்லுக்கு வர வேண்டும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் அந்த முறையில்தான் போகிறது.

கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கை எடுத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் கனசதுர அலகுகளால் ஆன க்யூப்சாட் வகைச் செயற்கைக்கோளில் வழக்கமாக இருப்பது: நான்கு 18650 செல்கள் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைகள்), இரண்டு இரண்டாக இணையாகக் கட்டி, அந்த இரு ஜோடிகளையும் தொடராக இணைத்தது. ஒரு செல்லுக்கு 3.2 ஆம்பியர்-மணி பயன்படும் என்று கொண்டால் பேக் 7.2 வோல்ட், 6.4 ஆம்பியர்-மணி, சுமார் 46 வாட்-மணி. தரையோடு (கிரவுண்டு) சேர்ந்த ஜோடியைக் கீழ் ஜோடி என்றும், மற்றதை மேல் ஜோடி என்றும் சொல்வோம். சுற்றுப்பாதை 500 கிலோமீட்டர் உயரம்: ஒரு சுற்றுக்குச் சுமார் 94.6 நிமிடம், அதில் அதிகபட்சம் 36 நிமிடம் பூமியின் நிழல். ஒரு நாளைக்கு 15 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 முறை சார்ஜ், டிஸ்சார்ஜ். புவிநிலை வட்டப்பாதையில் கதையே வேறு: ஆண்டுக்கு இரண்டு நிழல் பருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 45 நாள், ஒரு நிழல் அதிகபட்சம் 72 நிமிடம். அங்கே ஆழமாக, குறைந்த முறை. இங்கே மேலோட்டமாக, ஆயிரக்கணக்கான முறை. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்யக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: நான்கு வயர் முறையில் அளக்கும் மில்லி ஓம் மீட்டர் (1 கிலோஹெர்ட்ஸ்), 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர், மைக்ரோ ஆம்பியர் வரை அளக்கும் மீட்டர், நிலையான வாட்டில் இழுக்கத் தெரிந்த எலெக்ட்ரானிக் லோடு, வெப்ப அறை, மில்லிகிராம் தராசு. எந்த வேலைக்கு முன்னும் கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பாதி காலியான பேக்கும் ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் தள்ளும்.

அடிப்படை எண்கள் இல்லையென்றால் பழுதைத் தேடவே முடியாது

பேக் கட்டி முடித்த அன்றே 25 °செ வெப்பநிலையில் இவற்றைக் குறித்து வையுங்கள்: எடை, ஒரு மணி நேர ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு ஜோடியின் வோல்டேஜ், ஒவ்வொரு ஜோடியின் 1 கிலோஹெர்ட்ஸ் மின்தடை, ஐந்து மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் கொள்ளளவு, பிறகு நேர்மின்னோட்ட உள்மின்தடை.

கடைசியாகச் சொன்னதை இப்படி அளக்கலாம். பேக்கைப் பாதி சார்ஜில் ஒரு மணி நேரம் ஓய்வில் வையுங்கள். 0.2 ஆம்பியர் இழுங்கள். 10 நொடியில் வோல்டேஜைக் குறியுங்கள். 2.2 ஆம்பியருக்கு ஏற்றி, சரியாக 10 நொடி கழித்து மறுபடி குறியுங்கள். வோல்டேஜ் வித்தியாசத்தை 2 ஆல் வகுத்தால் உள்மின்தடை. புதுச் செல்லுக்கு 60 மில்லி ஓம் வந்தால் ஒரு ஜோடி 30, பேக் 60 மில்லி ஓம். 1 கிலோஹெர்ட்ஸ் எண் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாமல், அந்தந்த எண்ணை அதனதன் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: வாங்கிய செல்களின் கொள்ளளவு ஆளுக்கொரு விதமாக இருக்கிறது

முதலில் தராசு. 3,400 மில்லி ஆம்பியர்-மணி தரும் உண்மையான 18650 செல் 46 முதல் 49 கிராம் வரை இருக்கும். 38 கிராம் செல்லின் உறையில் எவ்வளவு பெரிய எண் அச்சாகியிருந்தாலும் உள்ளே அதற்கான சரக்கு இல்லை. உறையில் 9,900 என்று அச்சடித்த 18650 செல் எதுவானாலும் போலிதான்.

எடை சரியாக இருந்தும் சிதறல் இருந்தால், செல்கள் ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். நான்கு செல் பேக்குக்கு 40 செல் வாங்குவது ஆடம்பரமல்ல. பறக்கும் பேக், மாற்றுப் பேக், தகுதிச் சோதனைப் பேக், ஆயுள் சோதனைப் பேக் என்று 16 போய்விடும். மீதியில் ஒரு பங்கு தேர்வில் கழியும், ஒரு பங்கு அதிக சார்ஜ், ஷார்ட் போன்ற அழிவுச் சோதனைகளுக்குப் போகும். பின்னால் ஒரு செல் தேவைப்பட்டு வேறு தொகுதியிலிருந்து வாங்கிச் சேர்த்தால் செய்த தகுதிச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

தேர்வில் பெரும்பாலானோர் தவறவிடுவது தானாக வடியும் அளவு. முழு சார்ஜ் செய்து, ஓரிரு நாள் விட்டு, வோல்டேஜ் அடங்கிய பிறகு குறியுங்கள். ஒரே வெப்பநிலையில் 14 நாள் வைத்து மறுபடி குறியுங்கள். எல்லாம் சில மில்லிவோல்ட் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதைவிட, கூட்டத்தை விட்டு விலகி எது இறங்கியது என்பதே கேள்வி. விலகிய செல்லுக்குள் நுண்ணிய ஷார்ட் இருக்கலாம். கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை விண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

கடைச் செல் விண்வெளிக்குத் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் ப்ரோபா-1. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்ற அந்த ஐரோப்பியச் செயற்கைக்கோளின் பேட்டரியில் இருந்தவை வணிகச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சோனி 18650 செல்கள். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அது இயங்கியது. அங்கே வேலை செய்தது சலித்தெடுத்த தேர்வும் மென்மையான பயன்பாடும்.

அறிகுறி: டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆனதும் வோல்டேஜ் விழுந்து, எல்லாம் ரீசெட் ஆகிறது

அதிகம் பேர் சிக்கும் இடம் இது. செல் அதிகம் பழி சுமப்பதும் இங்கேதான்.

ஓர் அளவீடு பாதிப் பதிலைத் தந்துவிடும். அலைக்காட்டியின் ஒரு சேனலைப் பேக்கின் முனையிலும், இன்னொன்றைப் பவர் போர்டின் உள்நுழைவிலும் வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள்.

பேக் முனையில் சிறிதாக விழுந்து, போர்டில் பெரிதாக விழுந்தால் குற்றவாளி வயர். 26 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 134 மில்லி ஓம். பேக்கிலிருந்து போர்டுக்கு 30 சென்டிமீட்டர் என்றால் போக வர 60 சென்டிமீட்டர், அதாவது 80 மில்லி ஓம். பேட்டரியின் 60 மில்லி ஓமைவிட வயரின் தடை அதிகம்! கம்பியைத் தடிமனாக்குங்கள், அல்லது கனெக்டரில் ஒரு முனைக்கு இரண்டு மூன்று பின்களை இணையாகக் கொடுங்கள். ஒரு பின் கழன்றாலும் மற்றவை தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

பேக் முனையிலேயே பெரிதாக விழுந்தால், அந்த நேரத்து வெப்பநிலையைப் பாருங்கள். 25 °செ வெப்பத்தில் 2 ஆம்பியர் துடிப்புக்கு விழுவது 0.12 வோல்ட். -10 °செ குளிரில் உள்மின்தடை மூன்று நான்கு மடங்காகிவிடும். விழுவது அரை வோல்ட்டை நெருங்கும். நிழலின் கடைசி நிமிடத்தில், பேக் 6.8 வோல்ட்டில் இருக்கும்போது இது நடந்தால், 6.2 வோல்ட்டில் வெட்டும் பாதுகாப்புச் சுற்றுக்கு விளிம்பு வரை போய்விடுகிறீர்கள். வயர் 80 மில்லி ஓமும் சேர்ந்தால் விளிம்பையும் தாண்டியாயிற்று. குளிர், வயர், துடிப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே பாதகமில்லாமல், ஒன்றாகக் கூடும்போதே கவிழ்ப்பதால்தான் மேசையில் ஓடியது வெப்ப அறையில் ஓடுவதில்லை.

வெப்பநிலையும் சரி, வயரும் சரி, எனினும் உள்மின்தடை அடிப்படை எண்ணைவிட அதிகம் என்றால் ஜோடி ஜோடியாக அளங்கள். ஒரு ஜோடி மட்டும் 30 லிருந்து 60க்குப் போயிருந்தால் வெல்டு பற்றிய பகுதிக்குப் போங்கள். இரண்டும் சமமாக ஏறியிருந்தால் அப்போதுதான் செல் முதுமை.

திருத்தம்: வெட்டும் சுற்றுக்குச் சில நூறு மில்லி நொடி தாமதம் கொடுங்கள், வெட்டும் எல்லைக்கும் மறுபடி இணைக்கும் எல்லைக்கும் நல்ல இடைவெளி வையுங்கள் (வெட்டுவது 6.2 என்றால் இணைப்பது 7.0 வோல்ட்). இடைவெளி குறைவாக இருந்தால், சுமை நீங்கியதும் வோல்டேஜ் மேலே எழும்பும், சுற்று மறுபடி இணைக்கும், மறுபடி விழும். நொடிக்கு நொடி ஆன் ஆஃப் ஆடும்.

அறிகுறி: அதிர்வுச் சோதனைக்குப் பிறகு வோல்டேஜ் மாறவில்லை, ஆனால் சீக்கிரம் காலியாகிறது

மீட்டரை வைத்து 'வோல்டேஜ் வருகிறது, பேக் நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட வைக்கும் பழுது இது. இணையாக இருக்கும் இரண்டு செல்லில் ஒன்றை நிக்கல் பட்டையோடு பிணைக்கும் வெல்டு விட்டுப்போனால் ஜோடியின் வோல்டேஜில் எதுவும் தெரியாது. அந்த ஜோடியின் கொள்ளளவு பாதியாகும், உள்மின்தடை இரட்டிப்பாகும், மிஞ்சிய செல் முழு மின்னோட்டத்தையும் தாங்கும். பத்து நிமிட டிஸ்சார்ஜ் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

கண்டுபிடிக்க: அதிர்வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஜோடியின் உள்மின்தடை. 30 லிருந்து 60 என்றால் ஒரு செல் முழுக்கக் கழன்றது. 38, 42 என்று தொட்டு அளக்க அளக்க மாறினால் பாதி விட்ட வெல்டு. இதுதான் அதிக ஆபத்து. வெப்பம் ஏறி இறங்கும்போது தொடும், விடும். விட்டிருந்த நேரத்தில் ஒரு செல் பழைய வோல்டேஜில் நிற்க மற்றது இறங்கியிருக்கும், 0.1 வோல்ட் வித்தியாசத்தில் மறுபடி தொட்டால் செல்லுக்குச் செல் 0.8 ஆம்பியர் பாயும், ஒவ்வொரு தொடுதலிலும் வெல்டு இன்னும் கருகும். சந்தேகம் தீர, 3 ஆம்பியர் இழுத்துக்கொண்டு வெப்பக் கேமராவில் பாருங்கள்: மின்னோட்டம் ஓடாத செல் அண்டைச் செல்லைவிடக் குளிர்ந்து நிற்கும்.

வெல்டு ஏன் விடுகிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டையில் இருக்கிறது. 0.15 மில்லிமீட்டர் தூய நிக்கல் பட்டை என்று சொல்லி விற்பவற்றில் பல நிக்கல் பூசிய எஃகு. அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போடுங்கள். துரு பிடித்தால் எஃகு. அதற்கும் வெல்டு விழும், ஆனால் தடை அதிகம், மெஷின் அமைப்பும் வேறு. மெஷின் அமைப்பைச் சரிபார்க்க, கழித்த செல்லில் வெல்டு செய்து இடுக்கியால் பட்டையை உரியுங்கள். பட்டை கிழிந்து, வெல்டுப் புள்ளி செல்லிலேயே ஒட்டி நிற்க வேண்டும். பட்டை சுத்தமாக உரிந்து வந்தால் சூடு போதவில்லை. செல்லின் அடித்தகட்டில் ஓட்டையோ கருகலோ இருந்தால் சூடு அதிகம், அந்தச் செல் வெற்றிடத்தில் ஒழுகும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைக்கவே வைக்காதீர்கள்.

இரண்டு செல்லுக்கு நடுவே பட்டை விறைப்பாக நேர்கோட்டில் போனால் அதிர்வு முழுவதையும் வெல்டுப் புள்ளிதான் வாங்கும். பட்டையில் சின்ன வளைவு விடுங்கள். செல்லைத் தாங்கும் வேலை தாங்கிக்கும் பசைக்கும் உரியது, பட்டைக்கு அல்ல.

இன்னொன்று. 18650 செல்லின் நேர்முனைத் தொப்பியைச் சுற்றியிருக்கும் விளிம்பு எதிர்முனை. இடையே இருப்பது ஒரு மெல்லிய வளையம் மட்டும். நேர்முனையிலிருந்து போகும் பட்டை அந்த விளிம்பைத் தாண்டும் இடத்தில் உறை உராய்ந்தால் பாதுகாப்புச் சுற்று எதுவும் காப்பாற்ற முடியாத ஷார்ட். ஒவ்வொரு நேர்முனையிலும் காப்புத்தாள் வளையம் ஒட்டி, மேலே கேப்டன் (Kapton) என்ற வெப்பம் தாங்கும் காப்பு டேப் போடுங்கள். 2015 பிப்ரவரியில் டி.எம்.எஸ்.பி.-எஃப்13 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் உடைந்து சிதறியதற்கு, பேட்டரிப் பகுதியில் நெடுங்காலம் நசுங்கியிருந்த வயர் கட்டு ஷார்ட் ஆனதே காரணம் என்று விசாரணை சொன்னது. அது ஏவப்பட்டது 1995இல்.

அறிகுறி: இரண்டு ஜோடிகளின் வோல்டேஜ் மெல்ல மெல்ல விலகுகிறது

எந்த ஜோடி இறங்குகிறது என்று பாருங்கள். எப்போதும் கீழ் ஜோடியே இறங்கினால், செல்லைத் தொடாமல் சர்க்யூட்டைத் திறங்கள். வோல்டேஜ் பிரிக்கும் மின்தடைகள், வெப்பச் சென்சாருக்கான சப்ளை, ஏதோ ஒரு சிப்பின் காத்திருப்பு மின்னோட்டம் ஆகியவை இரு ஜோடிகளும் சேரும் நடு முனையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் கீழ் ஜோடி மட்டும் இரவும் பகலும் உணவு போட்டுக்கொண்டிருக்கும். 0.1 மில்லி ஆம்பியர் வித்தியாசம் போதும்: மாதத்துக்கு 72 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது பேக்கின் ஒரு சதவீதத்துக்கும் மேல். மூன்று முனைகளிலும் மைக்ரோ ஆம்பியர் மீட்டரைத் தொடராகப் போட்டு அளங்கள். நடு முனையில் ஓடுவதுதான் விலகலின் வேகம்.

இறங்கும் ஜோடி வெப்பநிலையோடு மாறினால், ஒரு ஜோடி டிரான்ஸ்மிட்டர் பக்கமும் மற்றது குளிர்ந்த சுவர்ப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். 5 °செ வித்தியாசத்துக்குள் வைத்துக்கொள்ள முயலுங்கள்.

இரு ஜோடிகளையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சுற்று இருந்தும் விலகினால், அல்லது அது ஓயாமல் ஆன் ஆஃப் ஆடினால், பேலன்ஸ் ஓடும்போதே வோல்டேஜை அளக்கிறீர்கள் என்று அர்த்தம். அதிக வோல்டேஜில் இருக்கும் ஜோடியை வடிக்கும் 82 ஓம் மின்தடை 4.1 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் ஓடும் வயரில் 1 ஓம் இருந்தாலே 50 மில்லிவோல்ட் குறைத்துக் காட்டும், சுற்று 'சமமாகிவிட்டது' என்று நிறுத்தும், நிறுத்தியதும் 50 மில்லிவோல்ட் ஏறும், மறுபடி தொடங்கும். பேலன்ஸை நிறுத்தி, ஒரு நொடி விட்டு, பிறகு அளக்கும்படி மென்பொருளை மாற்றுங்கள்.

அறிகுறி: சுழற்சிச் சோதனையில் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகிறது

முதலில் உண்மையில் கொள்ளளவுதான் குறைகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 25 °செ வெப்பத்தில், 20 மணி நேரத்தில் காலியாகும் மெதுவான வேகத்தில் ஒரு முறை முழுதாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். அப்போது பழைய கொள்ளளவு திரும்பி வந்தால், குறைந்தது கொள்ளளவு அல்ல, உள்மின்தடை ஏறியிருக்கிறது. மெதுவாக இழுத்தும் குறைவு என்றால் லித்தியம் உண்மையில் தொலைந்திருக்கிறது.

தொலையும் வழிகளில் மூன்று முக்கியம்.

ஒன்று, உச்ச வோல்டேஜ். செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி அங்கேயே நிறுத்தி வைப்பது, நிறைய நேரம் சூரிய ஒளியில் இருக்கும் சுற்றுப்பாதையில் செல்லை மெதுவாகக் கொல்லும். 4.1, முடிந்தால் 4.0 வோல்ட்டில் நிறுத்துங்கள். தொடக்கத்தில் பத்து இருபது சதவீதக் கொள்ளளவை விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும். நிழலுக்குத் தேவைப்படுவது அதைவிட மிகக் குறைவு.

இரண்டு, டிஸ்சார்ஜ் ஆழம். நிழலில் சராசரி 8 வாட் இழுத்தால் 36 நிமிடத்துக்கு 4.8 வாட்-மணி, 46இல் இது பத்து சதவீதம். கேட்க இனிமையாக இருக்கிறது. 4.1 வோல்ட்டில் நிறுத்துவதால் பத்தில் ஒன்று, முதுமையால் பத்தில் மூன்று என்று கழித்தால் ஆயுள் முடிவில் கையில் 29 வாட்-மணிதான். அப்போது அதே சுமை பதினேழு சதவீதம். ஆயுள் முடிவுக் கணக்கில் 20, மிஞ்சினால் 30 சதவீதத்துக்குள் நிற்கும்படி திட்டமிடுங்கள்.

மூன்று, குளிரில் சார்ஜ். பெரும்பாலான 18650 செல்களுக்குச் சார்ஜ் எல்லை 0 முதல் 45 °செ; டிஸ்சார்ஜ் எல்லை -20 முதல் 60 °செ. நிழலிலிருந்து வெளியே வரும் நிமிடம்தான் பேட்டரி மிகக் குளிர்ந்திருக்கும் நிமிடம். அதே நிமிடம்தான் சூரியத் தகடுகளும் குளிர்ந்திருப்பதால் அதிகபட்ச மின்சாரம் தருகின்றன. பூஜ்யத்துக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் எதிர்முனையின் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். ஒரு பகுதி திரும்பி வராது. படிந்தது ஊசியாக வளர்ந்தால் உள்ளே ஷார்ட். இதற்கு அடையாளம்: சார்ஜ் நிறுத்தியதும் ஓய்வில் இறங்கும் வோல்டேஜ் கோடு வழவழப்பாக இல்லாமல் நடுவே ஒரு படி தெரியும். அந்தப் படி தெரிந்தால் அதே வெப்பநிலையில் சார்ஜ் மின்னோட்டத்தைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள். படி மறைந்தால் உறுதி.

ஹீட்டர் கணக்கு எளிது. நான்கு செல் சுமார் 190 கிராம். 1 °செ உயர்த்தச் சுமார் 180 ஜூல் வேண்டும். 10 °செ உயர்த்த 1,800 ஜூல்: 2 வாட் ஹீட்டருக்கு 15 நிமிடம், வெப்பம் எங்கும் கசியாமல் இருந்தால். சட்டகத்தோடு உலோகத் திருகால் நேராகப் பிணைத்திருந்தால் இந்த 2 வாட் சட்டகத்தைச் சூடாக்கத்தான் போகும். பேட்டரி தானே சூடாகும் என்றும் நம்பாதீர்கள்: 1.1 ஆம்பியரில் 60 மில்லி ஓம் தருவது வெறும் 70 மில்லிவாட்.

சோதனை முறையிலும் பிழை இருக்கலாம். நிலையான மின்னோட்டத்தில் இழுக்கிறீர்களா? செயற்கைக்கோளின் கன்வெர்ட்டர்கள் இழுப்பது நிலையான வாட். வோல்டேஜ் இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். காலத்தை மிச்சப்படுத்த 45 °செ வெப்பத்தில் இரட்டை வேகத்தில் சுழற்றினால், சுற்றுப்பாதையில் வராத வேறு முதுமையை வரவழைக்கிறீர்கள். நேரடி வேகச் சோதனைக்கு மாற்று கிடையாது. அதனால் வேறு எதுவும் தயாராகும் முன்பே ஆயுள் சோதனைப் பேக்கைச் சுழலில் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: இரண்டு சோதனை மேசைகளில் ஒரே பேக்குக்கு இரண்டு கொள்ளளவு

வோல்டேஜ் உணரும் வயர்களை மின்னோட்ட வயரிலேயே, கருவி பக்கத்தில் இணைத்திருப்பார்கள். பேக் முனையில் தனியாக இணையுங்கள். அநேகமாகப் பழுது அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: டெலிமெட்ரி (செயற்கைக்கோள் அனுப்பும் அளவீட்டுத் தகவல்) 80 சதவீதம் என்கிறது, பேட்டரி காலி

மின்னோட்டத்தைக் கூட்டிக் கூட்டியே மீதி சார்ஜ் கணக்கிடப்படுகிறது; குற்றவாளி மின்னோட்ட சென்சாரின் பூஜ்யப் பிழை, அதாவது எதுவும் ஓடாதபோதும் ஓர் எண்ணைக் காட்டுவது. 5 மில்லி ஆம்பியர் பிழை ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. பத்து நாளில் கணக்கு 19 சதவீதம் பொய். சுமையைத் துண்டித்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் பூஜ்யத்தை அளந்து அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சார்ஜ் மின்னோட்டம் உச்ச வோல்டேஜில் வடிந்து குறையும் நிலையை நங்கூரமாக வைத்துக் கணக்கைத் திருத்துங்கள். அந்த நிலையை எந்தச் சுற்றிலும் எட்டவில்லை என்றால் பழுது சென்சாரில் இல்லை: 58 நிமிட வெயிலில் 4.8 வாட்-மணியும் இழப்பும் சேர்த்துச் சுமார் 5.5 வாட், மற்ற சுமைகளுக்கு மேல், தகடுகளிலிருந்து வரவில்லை. இரும்பு பாஸ்பேட் செல் பயன்படுத்துபவர்கள் ஓய்வு வோல்டேஜை வைத்துத் திருத்த முயல வேண்டாம். அதன் வோல்டேஜ் கோடு நடுவில் தட்டையானது.

அறிகுறி: வெற்றிட அறையில் உப்பல், வாசனை, எடைக் குறைவு

உலோகக் கூட்டுக்குள் இருக்கும் 18650 உப்பாது. உப்பினால் அது பை வகைச் செல். பை வகை வேண்டுமென்றால் இருபுறமும் தகடு வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும், அது தனி வேலை. உருளைச் செல்லில் பார்க்க வேண்டியது எடை. வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் செல்லைத் தனியாக, ஆல்கஹாலால் துடைத்து, கையுறையோடு நிறுங்கள். 0.1 சதவீதம், அதாவது ஒரு செல்லுக்குச் சுமார் 48 மில்லிகிராம் குறைந்திருந்தால் கழித்துவிடுங்கள். இனிப்பான கரைப்பான் வாசனை எலெக்ட்ரோலைட்டின் வாசனை. எடை போடவே வேண்டாம்.

எடை பேக்காகப் பார்க்கும்போது குறைந்து, செல் தனியாகப் பார்க்கும்போது குறையாவிட்டால் ஆவியாவது பசையும் உறையும். செல்லின் பி.வி.சி. உறை இதில் முதல் சந்தேகம். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், குளிர்ந்த பரப்பில் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் பொருள்களையே தேர்ந்தெடுங்கள். பேட்டரிக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் கேமராவின் லென்ஸுக்காக.

அறிகுறி: பேட்டரி மின்னோட்டம் மாறும்போது காந்தமானி அளவு மாறுகிறது

போகும் வயரும் வரும் வயரும் விலகி ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. 5 × 8 சென்டிமீட்டர் வளையத்தில் 1 ஆம்பியர் ஓடினால் 0.004 ஆம்பியர்-சதுர மீட்டர் காந்தத் திருப்புத்திறன். இரு வயர்களையும் முறுக்குங்கள். அடுத்தடுத்த செல்களைத் தலைகீழாக மாற்றி அடுக்குங்கள். செல்லின் எஃகுக் கூட்டால் வரும் நிலையான விலகலை அளவுத்திருத்தத்தில் கழிக்கலாம்.

அறிகுறி: ஏவுதளத்தில் திறந்து பார்த்தால் பேக் காலி

செயற்கைக்கோள் முழுதாக ஆஃப் ஆன நிலையில் பேக்கோடு மைக்ரோ ஆம்பியர் மீட்டரைத் தொடராகப் போடுங்கள். 1 மில்லி ஆம்பியர் கசிந்தால் 90 நாளில் 2.16 ஆம்பியர்-மணி, பேக்கில் மூன்றில் ஒரு பங்கு. செயற்கைக்கோளை ராக்கெட்டிலிருந்து வெளியேற்றும் பெட்டிக்குள் அடைத்த பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். 50 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே கொண்டுவாருங்கள். ராக்கெட்டிலிருந்து பிரியும்வரை எல்லாவற்றையும் ஆஃபில் வைக்கும் பிரிவுச் சுவிட்ச் தரை வயரை மட்டும் வெட்டி, டேட்டா வயர் வழியே மின்னோட்டம் சுற்றிப் போவது வழக்கமான வில்லன். விமானத்தில் தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரி 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது, லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச்செல்வதற்கான ஐ.நா. 38.3 பாதுகாப்புச் சோதனைச் சான்றும் வேண்டும். அதனால் கசிவுக்கான மிச்சம் தொடக்கத்திலேயே குறைவு.

செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் எதிர்முனையின் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். சார்ஜ் ஏற்றினால் ஏறும், வோல்டேஜும் நன்றாகக் காட்டும். ஆனால் கரைந்த செம்பு உள்ளே ஊசியாகப் படிந்திருக்கலாம். மாற்றுப் பேக்கை எடுங்கள்.

அறிகுறி: சுற்றுப்பாதையில் ஒருமுறை காலியானால் மறுபடி எழுவதில்லை

ஒன்றை ஒன்று காத்துக்கொண்டு நிற்கும் முட்டுக்கட்டை. பேட்டரி காலி, பவர் போர்டு வெட்டிவிட்டது. ஹீட்டர் பேட்டரியிலிருந்து ஓடுவது, அதனால் பேட்டரி உறைநிலைக்குக் கீழே. குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது என்று நீங்களே போட்ட தடை வேலை செய்கிறது. வெயில் வருகிறது, தகடுகள் மின்சாரம் தருகின்றன, வாங்க ஆள் இல்லை. சந்தையில் கிடைக்கும் ஒற்றைச் செல் பாதுகாப்புச் சிப்கள் சிலவும் இதே வேலையைச் செய்யும்: காலியானதும் பூட்டிக்கொண்டு, வெளியிலிருந்து சார்ஜர் வோல்டேஜ் வந்தால்தான் திறக்கும்.

ஹீட்டருக்கும் சார்ஜ் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் தகடுகளிலிருந்து நேரடி வழி கொடுங்கள். வெயில் வந்ததும் முதலில் ஹீட்டர், 5 °செ தாண்டியதும் சார்ஜ், 7.0 வோல்ட் தாண்டியதும் கணினி, அதற்குப் பிறகே டிரான்ஸ்மிட்டர் என்ற வரிசை மென்பொருள் இல்லாமல் வன்பொருளிலேயே நடக்க வேண்டும்.

சோதிக்க: முழுச் செயற்கைக்கோளை மேசையில் விரித்து, பேக்கை 6.2 வோல்ட் வரை காலி செய்து வெட்ட விடுங்கள். வெப்ப அறையில் -5 °செ குளிரில் ஓர் இரவு வையுங்கள். காலையில், தகடுகளுக்குப் பதிலாக வைத்த மின்வழங்கியை 58 நிமிடம் ஆன், 36 நிமிடம் ஆஃப் என்று ஓட்டுங்கள். யாரும் எந்தக் கேபிளையும் தொடக் கூடாது, எந்தக் கட்டளையும் அனுப்பக் கூடாது. சில சுற்றுகளுக்குள் பீக்கன் (செயற்கைக்கோள் தானாக அனுப்பும் அடையாளச் சமிக்ஞை) ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து வரைபடத்தைத் திருத்துங்கள்.